இடது பக்கம் மந்தம்

மாசானத்துக்கு முப்பத்தாறு வயது. ஒரகடத்தில் கார் கதவுகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறான். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு வந்தவன், ஹாஸ்டல் ரூம், நாலு பேர் சேர்ந்த வாடகை ரூம் என்று மாறி மாறி இருந்து, கல்யாணத்துக்குப் பிறகு சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடிப் போர்ஷனில் தங்கிவிட்டான். மனைவி சுகப்பிரியா படப்பையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள்.

பிரஸ் ஷாப்பில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சில் எங்கேயாவது தேய்மானம் வந்தால், அது பானலில் கீறலாகத் தெரிவதற்கு முன்னாலேயே அவன் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான். சூப்பர்வைசரே தேடி வந்து, “மாசானம், நாலாம் நம்பர் மெஷின கொஞ்சம் கேட்டுப் பாரு” என்பார். அவன் காதில் செருகிய ரப்பர் பிளக்கைக் கழற்றிவிட்டு, மெஷின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். பத்து அடி விழுவதற்குள் சொல்லிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே காதை வேறு வேலைக்குக் கொண்டுபோவான். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்களும் ஸ்பீக்கர்களும் வாங்குவதில் அவனுக்கு ஒரு பித்து. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வெளிநாட்டிலிருந்து வந்து, இன்று ஷோகேஸின் அடித்தட்டில் தூசி படிந்து கிடக்கும் கனமான பெட்டிகள். போனில் விளம்பரம் பார்த்துப் போவான். ஒன்றை வாங்கிச் சுத்தம் செய்து, கொஞ்ச நாள் கேட்டுவிட்டு, விரும்பிக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தேடுவான். வாங்கத் தெரியாத சிலர் அவனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. “நீங்க கேட்டு சரின்னா சரி” என்பார்கள். அந்த வார்த்தை அவனுக்குப் பிடிக்கும்.

இப்படித்தான் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, ஸ்ரீபெரும்புதூரில் வெங்கடேசன் என்பவர் வீட்டுக்குப் போனான். நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர்; எழுபதைத் தாண்டியவர். பெங்களூரில் மகளுடைய ஃபிளாட்டுக்குக் குடிபோகிறார். அங்கே இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை என்று மகள் சொல்லிவிட்டாளாம்.

“எங்க மச்சான் குவைத்துலேருந்து எடுத்தாந்தது தம்பி. எம்பத்தி ரெண்டுல. வேற ஒரு கை பட்டதில்ல” என்றார்.

மாசானம் பையைத் திறந்தான். அவன் சோதிக்கும் முறை எப்போதும் ஒன்றுதான். எடுத்த எடுப்பில் கரண்ட் கொடுக்கமாட்டான். மூடியின் ஓட்டைகள் வழியே டார்ச் அடித்துப் பார்ப்பான், மூக்கை வைத்துக் கருகல் வாசனை இருக்கிறதா என்று முகர்வான். பிறகு ஒரு குண்டு பல்பை நடுவில் கோத்து, அதன் வழியாகத்தான் கரண்ட் கொடுப்பான். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும்; ஆம்ப் தப்பித்துவிடும். அன்று பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கியது. சில விநாடி கழித்து ஆம்ப்புக்குள் ‘டிக்’ என்றது; ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுக்கும் ரிலே. நல்ல சகுனம். மீட்டரை வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் வரக்கூடாத மின்சாரம் வருகிறதா என்று பார்த்தான். இல்லை. வால்யூம் குமிழைத் திருகினால் கொஞ்சம் கரகரப்பு, அது உள்ளே சேர்ந்த தூசி. ஸ்பீக்கரின் கூம்பை நாலு விரலால் மெல்ல அழுத்தி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டான். எல்லாம் சரி.

கடைசியாகக் காது. இரண்டு ஸ்பீக்கரையும் ஆறடி இடைவெளியில் வைத்து, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெண் குரல் தனியாக வரும் ஒரு பழைய மோனோ பாட்டைப் போனிலிருந்து ஓட விட்டான். மோனோவில் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும்; இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் பாடுகிறவள் சரியாக நடுவில் நிற்கிற மாதிரி கேட்கும்.

அவள் நடுவில் நிற்கவில்லை. வலது பக்கமாக ஒதுங்கி நின்றாள். இடது ஸ்பீக்கரில் குரல் இருந்தது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. ‘ச’வும் ‘ஸ’வும் மழுங்கியிருந்தன.

ஆம்ப்பின் பின்னால் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிக் கோத்தான். ஆம்ப்பில் கோளாறு என்றால் மந்தம் இப்போது வலது பக்கம் போகவேண்டும். போகவில்லை. இடதிலேயே இருந்தது.

“சார், ஆம்ப் சுத்தம். இந்த எடது ஸ்பீக்கர்லதான் கோளாறு. மேல உள்ள சின்ன ஸ்பீக்கர் ஓஞ்சு போச்சு.”

வெங்கடேசன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “எனக்கு ஒண்ணும் தெர்லியேப்பா. ரெண்டும் ஒரே மாதிரிதான் கீது.”

“உங்களுக்குப் பழகிப்போச்சு சார். தெனமும் கேக்குதவங்களுக்குத் தெரியாது.”

“அப்பிடியா சொல்றே?” என்று இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, “சரி, தெரிஞ்சவன் நீ சொல்றே” என்று சொன்ன விலையில் ஆறாயிரம் குறைத்துக்கொண்டார். மாசானம் அந்த இடது ஸ்பீக்கரின் முதுகில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

மறுநாள் அவனுக்கு மதிய ஷிஃப்ட். காலையில் செட்டை ஹாலில் மாட்டினான். சுவரோரம் பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்தைப் பார்த்து ஸ்பீக்கர்களை வைத்தான். பாட்டைப் போட்டான். அதே போர்வை, இடது பக்கம். எழுந்துபோய், கோளாறான ஸ்பீக்கரைக் கழற்றுவதற்காகத் திருப்பினான். முதுகில் சாக்பீஸ் குறி இல்லை.

குறி போட்ட ஸ்பீக்கர் வலது பக்கம் இருந்தது. அது கண்ணாடி மாதிரிப் பாடிக்கொண்டிருந்தது.

நேற்று ஒயரை மாற்றிப் பார்த்தானே தவிர, பெட்டிகளை மாற்றிப் பார்க்கவில்லை. வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நிச்சயமாக இருந்தான். இப்போது நாற்காலிக்குப் போய், ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். மந்தமாக இருந்த பெட்டி பளிச்சென்றது. பளிச்சென்றிருந்தது போர்வைக்குள் போய்விட்டது. மறுபடி முன்னால் திரும்பினான். மறுபடி பின்னால். எப்படித் திரும்பினாலும் மந்தம் அவனுடைய இடது பக்கத்திலேயே இருந்தது.

அன்று மதியம் கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு காதாக விரலால் அடைத்து அடைத்துப் பார்த்தான். சளியாக இருக்கும். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும். பஸ் இரைச்சலில் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் பிரவீன் உட்கார்ந்திருந்தான். அதே லைனில் வேலை பார்க்கிறவன், வல்லக்கோட்டைக்காரன்.

“இன்னாணா, காதுல பூச்சி எதுனா பூந்துகிச்சா?” என்றான் பிரவீன். அப்புறம் சிரித்துக்கொண்டே, “பத்தாந்தேதி காது டெஸ்ட் வண்டி வருதாம், நோட்டீஸ் போட்டுகிறாங்க, பாத்தியா?” என்றான்.

மாசானம் விரலை எடுத்தான்.

வருஷாவருஷம் வருகிற வண்டிதான். உள்ளே ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். இத்தனை வருஷம் அவன் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இப்போது பத்தாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

புதன்கிழமை காலை போனில் ஒரு ஆப்பை இறக்கினான். தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரைக்கும் படிப்படியாக ஊதிக் காட்டும் ஆப். அதைப் புதிய செட்டோடு இணைத்து, வலது காதில் கம்பெனி ரப்பர் பிளக்கைச் செருகி, அதன்மேல் உள்ளங்கையையும் பொத்திக்கொண்டு, இடது காதை ஸ்பீக்கர் பக்கம் நீட்டி உட்கார்ந்தான். ஊம் என்று ஆரம்பித்தது. ஏறியது. ஏறி, தேய்ந்து, நின்றது. அடுத்த படி ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தான். நெட் விட்டுவிட்டதோ என்று போனைத் தட்டினான். வால்யூமைக் கூட்டினான்.

சமையலறையிலிருந்து சுகப்பிரியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவள் வாய் அசைந்தது. அவன் பிளக்கை உருவினான். அந்த நொடி, ஹால் முழுக்க ஒரு கூர்மையான சீழ்க்கை நிறைந்து நின்றது.

“நிப்பாட்டுங்க! காதுக்குள்ள ஊசியை விட்டுக் கொடையுத மாதிரி இருக்கு!”

நிறுத்தினான்.

“எவ்வளவு நேரமா கத்துதேன். உங்களுக்குக் கேக்கலையா?”

“நீ கத்துனது கேக்கல.”

“நான் கத்துனத விடுங்க. அந்தச் சத்தம் கேக்கலையா?”

அவள் அவன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். மருந்துக் கடையில் பழகியவள்; விஷயம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

“எத்தன நாளா?”

“தெரியல சுகா. திங்கக்கெழமதான் தெரிஞ்சுது.”

“டாக்டர்ட்ட போவோம். இன்னைக்கே.”

“டெஸ்ட் முடியட்டும். இப்பம் போனா சீட்டு, மருந்துன்னு ஏதாச்சும் எழுதுவாரு. கம்பெனிக்குத் தெரிஞ்சா பிரஸ் ஷாப்பைவிட்டு எடுத்துருவாம்.”

“எடுத்தா எடுக்கட்டும்.”

“எடுத்து எங்க போட? காது கேக்காதவனை வச்சு என்ன செய்வாம்?” குரல் உயர்ந்துவிட்டது. அவள் உள்ளே போனாள். போனவள் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே நின்றாள்.

அந்த நாட்களில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை மெஷினைக் கேட்கக் கூப்பிட்டார். ஒரு தடவை, “ஒண்ணும் இல்ல சார்” என்றான். சொல்லிவிட்டு, அடுத்த ஒரு மணி நேரம் வெளியே வரும் ஒவ்வொரு பானலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கீறல் ஏதும் வரவில்லை. ஆனால் தெரிந்து சொன்னானா, குருட்டாம்போக்கில் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை. இதற்கு முன் எத்தனை வீடுகளில் ‘இடது பக்கம் மந்தம்’ என்று சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தான். போன மாதம் ஒன்று. சித்திரையில் ஒன்று. அவற்றை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெங்கடேசன் போன் செய்தார். போனை வலது காதில் வைத்துக்கொண்டான்.

“தம்பி, அந்த ஸ்பீக்கரு சரி பண்ட்டியா?”

“பாத்துட்டே இருக்கேன் சார். சின்ன வேலைதான்.”

“அப்போ ரிப்பேருதான், இல்ல?”

“ஆமா சார்.”

“சரிப்பா. சும்மாதான் கேட்டேன்” என்று வைத்துவிட்டார். விற்ற பிறகு எவரும் இப்படிக் கூப்பிட்டு விசாரித்ததில்லை. ஏன் கேட்டார் என்று மாசானத்துக்குப் புரியவில்லை. புரியாதது இன்னும் உறுத்தியது.

ஒன்பதாம் தேதி, கேன்டீனில் வைத்து பிரவீனிடம் மட்டும் சொன்னான். பிரவீன் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “இதுக்கா பயந்துகினு கீற? கண்ணாடி வழியா டெஸ்ட் எடுக்கற அந்தம்மாவைப் பாத்துகினே இரு. அவங்க மெஷின் பட்டனை அமுக்கறப்ப தோள் லேசா எறங்கும். உடனே நீயும் அமுக்கிடு. நம்ம லைன்ல பாதிப் பேரு அப்டித்தான்ணா.”

பத்தாம் தேதி காலை வண்டி பார்க்கிங்கில் நின்றது. பரிசோதிக்கிற பெண்ணின் பெயர் ரஞ்சனி என்று அட்டையில் இருந்தது. மாசானம் அறைக்குள் உட்கார்ந்தான். கதவு மூடியதும் ஒரு கனத்த அமைதி வந்து அமுக்கியது. வலது காது முதலில், அதில் கஷ்டமில்லை. இடது காதுக்கு மாறியதும் நாலைந்து சத்தம் கேட்டது, அப்புறம் இல்லை. கண்ணாடி வழியே அவள் தோளைப் பார்த்தான். இறங்கியது. அமுக்கினான். இறங்கியது. அமுக்கினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி மறுபடி இறங்கியது, அமுக்கினான்.

கதவு திறந்தது. ரஞ்சனி கோபமாக இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“சார், கடைசி நாலு தடவை நான் எந்தச் சத்தமும் அனுப்பல. சும்மா கையை அசைச்சேன். நாலுக்கும் அமுக்குனீங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சுவரைப் பாத்து உக்காருங்க. முதல்லேருந்து பண்ணலாம். கேக்கலைன்னா அமுக்காதீங்க, அவ்வளவுதான்.”

சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். இந்த முறை நீண்ட நேரம் விரல் சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருந்த நேரம்தான் அவன் வாழ்க்கையில் கடந்த மிக நீண்ட நேரம் என்று பின்னால் சுகப்பிரியாவிடம் சொன்னான்.

ரஞ்சனி தாளைத் திருப்பிக் காட்டினாள். வலது காதின் கோடு ஓரளவு நேராகப் போனது. இடது காதின் கோடு பாதி தூரம் போய், கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது.

“போன வருஷமே இறங்க ஆரம்பிச்சிருக்கு. தாள்ல எழுதியிருக்கே, பாக்கலையா?”

போன வருஷம் வரிசையில் நின்றபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

“வேலை செய்யறப்ப பிளக்கைக் கழட்டுவீங்களா சார்?”

“மெஷினைக் கேக்கதுக்கு. எடது காதுல உள்ளதை மட்டும்.”

அவள் எழுதுவதை நிறுத்தினாள். “போனது திரும்பி வராது சார். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். ஈ.என்.டி. டாக்டரை அவசியம் பாருங்க. உங்க கம்பெனி டாக்டருக்கும் நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க” என்றான்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீபெரும்புதூருக்கு பைக்கில் போனான். சுகப்பிரியா வருகிறேன் என்றாள், வேண்டாமென்றான். வெங்கடேசன் வீட்டு ஹாலில் அட்டைப் பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. உட்காரச் சொல்வதற்கு முன்பே மாசானம் பேசிவிட்டான்.

“சார், உங்க ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்ல. ரெண்டும் நல்லா இருக்கு. கோளாறு என் காதுல. தெரியாமச் சொல்லிட்டேன். தெரிஞ்ச பொறவு நீங்க போன் பண்ணீங்க, அப்பவும் சொல்லல.” கொண்டுவந்த ஆறாயிரத்தை நீட்டினான்.

வெங்கடேசன் பணத்தைப் பார்க்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

“நாப்பது வருசம் கேட்ட செட்டுய்யா அது! ஒரு பக்கம் செத்துப் பூட்ச்சுன்னு நீ சொல்ட்டுப் பூட்ட. எனக்கு ஒண்ணும் தெர்ல. அப்போ இன்னா அர்த்தம்? என் காது பூட்ச்சுன்னுதானே அர்த்தம்? ரெண்டு வாரமா தூங்கல நானு. பொண்ணு போன்ல பேசுனா, சரியாத்தான் கேக்குதா, இல்ல நானா நெனச்சிக்கறனான்னு... பூந்தமல்லில டாக்டராண்ட போயி டெஸ்ட்டு எடுத்துகினு வந்தேன், தெரியுமா?”

“என்ன சொன்னாங்க சார்?”

“வயசுக்கு நல்லா கீதுன்னாரு. நான் நம்பல. சமாதானத்துக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். அதான் உனக்குப் போன் அடிச்சேன்.”

வெங்கடேசன் அறைக்குள் இரண்டு நடை நடந்தார். மூச்சு நிதானத்துக்கு வந்தது. பணத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். வேண்டாமென்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

“உனக்கு இன்னா வயசு?”

“முப்பத்தாறு சார்.”

அவர் அவனுடைய வலது பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “எப்டிப்பா தெரிஞ்சுது? மொதல்லேருந்து சொல்லு” என்றார். அவன் சொன்னான். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தான். புறப்படும்போது அவர் பூந்தமல்லி டாக்டரின் சீட்டை எடுத்து, நம்பரை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

கம்பெனி அவனை அனுப்பிவிடவில்லை. ஆனால் பிரஸ் ஷாப்பை விட்டு எடுத்துவிட்டார்கள். அளவெடுக்கும் கேஜ் ரூமில் போட்டார்கள், ஏ.சி. அறை, சுத்தமான மேசை. பிரஸ் ஷாப்புக்கென்று வந்த அலவன்ஸ் நின்றுபோனது, ஓ.டி.யும் அநேகமாக இல்லை. அதைவிட அவனைப் படுத்தியது அந்த அறையின் அமைதி. முதல் நாள் ஏதோ ஒரு ‘ஞ்ஞீ’ என்ற மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டியூப்லைட் சோக் என்று நினைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டான். அவர் வந்து அண்ணாந்து பார்த்து, “எல்லாம் எல்.ஈ.டி. சார், இதுல சோக்கே கிடையாது” என்றுவிட்டுப் போனார். அது தன் இடது காதுக்குள்ளேயே இருக்கிறது என்று புரிய அவனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் ஆயிற்று.

அது இன்னும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட் எடுத்து அந்தக் கோடுகளைப் பார்க்கவேண்டும் என்று பூந்தமல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்தது மாசியில். வலது காதின் கோடும் இறங்கினால் என்ன என்ற நினைப்பு, பல் துலக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வந்து போகிறது. பிரவீன் இப்போது லைனில் பிளக்கைக் கழற்றுவதில்லை என்று கேள்விப்பட்டான்.

சித்திரையிலும் ஆனியிலும் குறை சொல்லிவிட்டு வந்த இரண்டு வீடுகளுக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னான். ஒருவர் செட்டை ஏற்கெனவே வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். “இப்போ சொல்லி இன்னா பண்றது?” என்று வைத்துவிட்டார். இன்னொரு செட் அப்படியே இருந்தது, மணிமங்கலத்தில்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் சுகப்பிரியாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அங்கே போனான். டார்ச், பல்பு, மீட்டர் எல்லாம் அவன் பார்த்தான். பிறகு நடு நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றான். பாட்டு ஓடியது. அவனுக்கு இடது பக்கம் வழக்கம்போல் போர்வைக்குள்தான் இருந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாடுதவ எங்க நிக்கா?”

சுகப்பிரியா அவசரப்படவில்லை. ஒரு சரணம் முழுக்கக் கேட்டாள். பிறகு நேர் எதிரே, இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருந்த காலண்டரைக் கையால் காட்டினாள்.

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பாத்துத்தான் சொல்லுதேன். அங்கனதான் நிக்கா.”

இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது அவனுக்கு. கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் திரும்பி, “எடுத்துக்கிடுதோம்” என்றான்.